துணைக்கு வந்தவர்

பாசிக்குடாவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



தங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரில் பணத்தை வைப்பிலிட்டு, அந்த வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்த வேண்டும் என்று முடிவு செய்த இந்த அறக்கட்டளைக் குடும்பத்தார் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசக் கூடாது; அவரைப் போலப் பிறருக்காகவே வாழ்ந்த இன்னொருவரைப் பற்றிப் பேச வேண்டும். படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, பிறகு ஒரு மணிநேரப் புகழுரை என்று பழகிப்போன நமக்கு இது புதிய வழக்கம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். செத்தவரைப் புகழ்வதற்கு ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. அவர் செய்த வேலையின் வகை என்ன என்று ஆராய்வதற்குத்தான் யாரும் வருவதில்லை.

நான் தேர்ந்துகொண்டவர் இயேசு சபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபியர். அவருடைய பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய பிரெஞ்சுக் குடும்பங்களின் பெயர் அது. நான் அவரிடம் படித்தவன் அல்லன், அவருடைய திருச்சபையைச் சேர்ந்தவனும் அல்லன். அவரைப் பற்றி ஏன் இந்த இடத்தில் பேசவேண்டும் என்று கேட்டால், இங்கிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய வாழைச்சேனையில்தான் அவருடைய கடைசிப் பயணம் தொடங்கியது என்பதே என் பதில்.

அந்த வீதியை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வாழைச்சேனையிலிருந்து கும்புறுமூலைச் சந்தி, கிரான், சந்திவெளி, முறக்கொட்டாஞ்சேனை, சித்தாண்டி, மாவடிவேம்பு, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை, சத்துருக்கொண்டான், பிள்ளையாரடி, பிறகு மட்டக்களப்பு நகரம். விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்து வரும் வான்கள் இந்த விரிகுடாவின் ஹோட்டல்களைத் தேடி வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கும் இளைஞர்களுக்கு, இதே வீதியில் வெறும் முப்பத்தைந்து கிலோமீற்றர் போய்ச்சேர்வது ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்தது என்பதை நம்புவது கடினம். 1990 ஓகஸ்ட் 15 அன்று ஹேபியர் அடிகளார் அந்தப் பயணத்தை ஸ்கூட்டரில் தொடங்கினார். ஏறாவூர் வரை வந்ததாகச் சொல்லப்படுகிறது. நகரத்துக்கு வந்து சேரவில்லை. அப்போது அவருக்கு வயது 66.

அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசினால் அவரை நாம் பாதியிலும் பாதியாகத்தான் அறிவோம். அவர் இந்த மண்ணில் இருந்தது 42 ஆண்டுகள். மிச்சம் 41 ஆண்டும் சில மாதங்களும் பெரிய சம்பவம் எதுவுமில்லாத நாட்கள். என் ஆர்வம் அந்த நாட்களில்தான்.

அவர் 1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் நெல் விளையும் சமவெளி அது. நெல்வயலும், சதுப்பும், வளைகுடாக் கடலும், சூறாவளியும் அங்கே அன்றாட விடயங்கள். மட்டக்களப்பு வாவியையும் படுவான்கரை வயல்களையும் முதன்முதல் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்க எனக்கு ஆசை; ஆனால் ஊகத்தை வரலாறாகச் சொல்லக் கூடாது. வேறொரு விடயத்தைத் திட்டமாகச் சொல்லலாம். அவர் வளர்ந்த லூசியானாவில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பள்ளிக்கூடம் வேறு, பஸ் இருக்கை வேறு, தண்ணீர்க் குழாய்கூட வேறு. சட்டமே அப்படி. அந்த மண்ணிலிருந்து 1941இல் இயேசு சபையில் சேர்ந்த ஒரு பதினேழு வயதுப் பையன், 1948இல், இலங்கை சுதந்திரமடைந்த அதே ஆண்டில், கிழக்குக்கு வந்து சேர்ந்தான்.

இயேசு சபையினர் இங்கே வந்த கதை அதற்கும் முந்தியது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் வந்தவர்கள் ஐரோப்பியர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்த ஃபெர்டினான்ட் பொனெல் அடிகளாரின் பெயரைக் கல்லூரியின் பழைய மாணவர்கள் இன்றும் பயபக்தியோடு சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பொறுப்பை நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கர்கள் ஏற்றார்கள். 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனி அந்த வழியில் வந்தவர். நகரத்து விளையாட்டு மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளாரும் அப்படியே. 1948இல் வந்து சேர்ந்தவர்களில் இன்னொருவர் நியூ ஓர்லியன்ஸ்காரர் ஹரி மில்லர். ஹேபியரைவிட ஓரிரு வயது இளையவர். அவரைப் பற்றிப் பின்னர் பேசுவேன். உண்மையில் இந்தச் சொற்பொழிவின் பாதி அவருக்குரியது.

காலனி ஆட்சியின் நிழலில் வந்த பாதிரிமார்களைப் பற்றி நமக்குள் விமர்சனங்கள் உண்டு. இருக்கவும் வேண்டும். ஆறுமுக நாவலர் தொடக்கம் சுவாமி விபுலாநந்தர் வரை, பிள்ளைகளின் கல்வி மதமாற்றத்துக்குத் தூண்டிலாகக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள் பள்ளிக்கூடங்களைக் கட்டியே அந்தக் கவலைக்குப் பதில் சொன்னார்கள். கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலயம் அப்படி எழுந்ததுதான். ஆனால் 1960, 61இல் பெரும்பாலான உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பின்பும் இந்த அமெரிக்கர்கள் மூட்டை கட்டவில்லை. அதிகாரம் குறைந்த பிறகும் ஒருவர் ஊரில் தங்கினால், அவர் எதற்காக வந்தார் என்ற கேள்வி வேறுவிதமாகத் தோன்றத் தொடங்குகிறது.

ஹேபியரை மட்டக்களப்பு முதலில் அறிந்தது கூடைப்பந்துப் பயிற்றுநராக. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அவர் படிப்பித்தார். பிள்ளைகளின் நினைவில் நின்றது வகுப்பறையைவிட விளையாட்டுத் தளம். இதைச் சிலர் சற்று வெட்கத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். துறவியைப் பற்றிப் பேசும்போது தியானம், திருப்பலி என்று தொடங்குவதுதானே மரியாதை, பந்து விளையாட்டில் தொடங்கலாமா என்று. தாராளமாகத் தொடங்கலாம். கூடைப்பந்தே ஒரு கிறிஸ்தவ வாலிபர் பயிற்சிக் கல்லூரியில் பிறந்த விளையாட்டு. 1891 டிசெம்பரில், மசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் அடங்காது திரிந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடை இரண்டை மாடி விளிம்பில் கட்டிக் கண்டுபிடித்தது. பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது அதன் ஆரம்ப விதிகளில் ஒன்று. வைத்திருப்பவன் யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும்.

பனிநாட்டுக்காகச் செய்த விளையாட்டு நம் கச்சான் காற்றில், சூடேறிய சீமெந்துத் தளத்தில், வெயில் தாழ்ந்த பிறகு விளையாடும் மாலை விளையாட்டாக மாறியது. கால்பந்துக்கும் கிரிக்கெற்றுக்கும் போலப் பெரிய மைதானம் தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் போதும். நகரப் பாடசாலையில் தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய பறங்கிப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். ஐந்து பேர் அணியில் ஒருவனை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவர்கள் வெல்ல முடியாது. புனித மிக்கேல் கல்லூரி அகில இலங்கை மட்டத்தில் கூடைப்பந்துக்குப் பேர் வாங்கிய காலத்தில் பயிற்றுநரின் பங்கு என்ன என்பதை அந்தத் தலைமுறை விளையாட்டு வீரர்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லியும் வருகிறார்கள். வெள்ளையன் வேறு கறுப்பன் வேறு என்று சட்டம் எழுதிவைத்திருந்த ஊரிலிருந்து வந்தவர் இப்படிப்பட்ட அணிகளோடு தம் ஆயுளைக் கழித்தார் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

பயிற்றுநரின் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே அசைவை நூறு முறை செய்விக்க வேண்டும். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவான். மறுபடி ஒரு சின்னப் பையனுக்குப் பந்தை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இதில் சேமிப்பு என்று ஒன்றுமில்லை. நாற்பது வருடம் தொடங்கிக்கொண்டே இருக்கும் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆசிரியர்களாகிய உங்களில் சிலர் தலையாட்டுகிறீர்கள்.

பின்னாளில் அவர் மட்டக்களப்பில் இயேசு சபையினர் நடத்திய கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பொறுப்பில் இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. வந்த பிறகு தமிழ் இளைஞரின் கோபம் எங்கே போயிற்று என்பதை நாமறிவோம். அது பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் பல்கலைக்கழக வாசலுக்கே போகாத பையன்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. சாதாரண தரத்தோடு நின்றுபோனவன், வயலில் வேலை இல்லாத மாதங்களில் சந்தியில் நிற்பவன், வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் ஒரு வேலை கிடைக்காதா என்று ஆள் பிடித்துத் திரிபவன் என்று நம் கிராமங்களில் எத்தனை பேர்! இப்படிப்பட்டவனுக்குக் கைத்தொழில் சொல்லிக் கொடுப்பதில் மேடைப் பெருமை ஒன்றும் இல்லை. அதனால்தான் அதற்கு ஆள் வேண்டியிருந்தது.

இனிக் கடினமான காலத்துக்கு வருகிறேன்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983க்குப் பிறகு கிழக்கில் சுற்றிவளைப்பு என்பது வாராந்தக் காரியமாயிற்று. ஊரின் ஆண்களை ஓரிடத்தில் இருத்தி, முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராய் நடக்கவிட்டு, அவன் தலை அசைந்தால் அந்தப் பையன் லொறியில் ஏறுவான். கொண்டுபோனதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. மறுநாள் காலை தாய் முகாம் வாசலில் நிற்பாள். அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று சென்றியில் நிற்பவன் சொல்வான், பெரும்பாலும் அவளுக்கு விளங்காத மொழியில்.

அந்த வாசலில் என்ன உதவி செய்ய முடியும்? பணம் உதவாது. கவிதை உதவாது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும். பெயர், வயது, பிடித்த இடம், பிடித்த நேரம், கண்ட சாட்சி, வந்த வாகனம் எல்லாவற்றையும் எழுதி, அந்தக் கடதாசியோடு உள்ளே போய் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணிந்த ஆள். பிரசைகள் குழுக்களும் பின்னர் மட்டக்களப்புச் சமாதானக் குழுவும் இந்த வேலையைத்தான் செய்தன. ஹேபியரும் மில்லரும் அதில் இருந்தார்கள். வெள்ளைத் தோலும், ஆங்கிலமும், அமெரிக்கக் கடவுச்சீட்டும் அந்த வாசலில் பெறுமதியுள்ளவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே கடதாசியோடு ஒரு கிராமத்து விதானை போயிருந்தால் அவரும் உள்ளேயே இருந்திருப்பார். பிறப்பால் கிடைத்த பாதுகாப்பை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலானோர் அதைக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறார்கள். போவது பாவமல்ல. இவர்கள் போகவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாதுகாப்பும் முழுமையானதல்ல. அங்கியே கவசமாகிவிடும் காலம் முடிந்திருந்தது. மட்டக்களப்புப் பிரசைகள் குழுவின் தலைவராயிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6 அன்று புனித மரியாள் பேராலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூலையில் சொறிக்கல்முனைப் பங்குத்தந்தை செல்வராஜா காணாமற்போனார். இவையெல்லாம் ஹேபியருக்கு நன்றாகத் தெரியும்.

1990இன் நடுப்பகுதியை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும்; ஒரு கண்ணியை விட்டாலும் பொய்யாகிவிடும். மார்ச்சில் இந்திய அமைதிப் படை வெளியேறியது. ஜூன் இரண்டாம் வாரத்தில் புலிகளுக்கும் அரசாங்கத்துக்கும் போர் மீண்டும் மூண்டது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். இராணுவம் மட்டக்களப்புக்குள் திரும்பி வந்தது. தமிழ்க் கிராமங்களில் கொலைகளும் கைதுகளும் பெருகின. ஓகஸ்ட் 3 வெள்ளிக்கிழமை இரவுத் தொழுகையில் இருந்தவர்கள்மீது காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஓகஸ்ட் 11 இரவும் 12 அதிகாலையும் புலிகள் ஏறாவூரில் முஸ்லிம் வீடுகளுக்குள் புகுந்து ஆண், பெண், குழந்தை பாராமல் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். அங்கும் நூற்றுக்கு மேல். இரண்டு சமூகமும் ஒன்றையொன்று பார்த்து நடுங்கின. பழிக்குப் பழி என்று ஊர்காவற்படையினர் தமிழ்க் கிராமங்களில் இறங்கினார்கள். இப்போது 15ஆம் தேதிக்கு வாருங்கள்.

அன்று மரியாளின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையில் கன்னியாஸ்திரிகள் வன்முறைக்கு நடுவில் அகப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய பாதுகாப்பைக் கவனிக்க ஹேபியர் அங்கே போயிருந்தார். காரியத்தை முடித்துக்கொண்டு நகரத்துக்குத் திரும்பக் கிளம்பினார். ஸ்கூட்டரில் அவரோடு ஒரு தமிழ் இளைஞரும் இருந்தார். வழி ஏறாவூரைக் கடந்துதான் போகும். அந்த ஊரில் மையித்துகளை அடக்கி மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த நீதிமன்றமும் தீர்ப்பாகச் சொன்னதில்லை. வதந்திகள் உண்டு, சந்தேகங்கள் உண்டு. ஊர்காவற்படை என்றும், ஆத்திரக் கும்பல் என்றும், படையினரின் கண்முன்னால்தான் நடந்தது என்றும். அமெரிக்கத் தூதரகம் விசாரித்தது, திருச்சபை விசாரித்தது. உடல் கிடைக்கவில்லை. நானும் இந்த மேடையில் யாரையும் குற்றஞ்சாட்டப் போவதில்லை. அவர் பெயரைச் சொல்லி ஏறாவூரார்மீது பழி சொல்லும் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் மூன்று நாட்களுக்கு முந்திய இரவை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அந்த இரவை மட்டும் சொல்லிவிட்டு 15ஆம் தேதியை விட்டுவிடுகிறவர்களும் உண்டு; அதுவும் அதே குற்றம்தான். இதே வீதியில், மூன்று வாரம் கழித்து, செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோயிற்று. 9ஆம் தேதி சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் 180க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். முப்பத்தைந்து கிலோமீற்றருக்குள், ஒரு மாதத்துக்குள், இத்தனையும்.

ஸ்கூட்டரில் கூட வந்த அந்த இளைஞரின் பெயர் பேட்ரம் பிரான்சிஸ். ஹேபியர் நினைவுக் கட்டுரைகள் பலவற்றில் அவர் ஒரு வரியாக வந்துபோகிறார். சிலவற்றில் அந்த வரியும் இல்லை. அடிகளாருக்கு வெளிநாட்டுத் தூதரகம் இருந்தது, உலகமெங்கும் சபை இருந்தது, பத்திரிகைகள் இருந்தன. பேட்ரம் பிரான்சிஸ் எல்லாத் தமிழ்ப் பையன்களையும் போலக் காணாமற்போனார். ஒன்பது மாதத்துக்கு முன்னால், 1989 நவம்பர் 16 அன்று, எல் சல்வடோரின் தலைநகரில் இராணுவத்தினர் ஆறு இயேசு சபைத் துறவிகளைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே கொன்றார்கள். அவர்களோடு சேர்த்து அங்கே சமையல் வேலை பார்த்த எல்பா ராமோசையும் அவருடைய பதினாறு வயது மகள் செலினாவையும் கொன்றார்கள். அந்நாட்டு மக்கள் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூரும்போது எட்டுப் பேரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாமும் இரண்டு பேர் என்று எண்ணப் பழக வேண்டும்.

எல் சல்வடோரில் அதே வீட்டில் வாழ்ந்த ஜோன் சொப்ரினோ என்ற இறையியலாளர் அன்றிரவு தாய்லாந்தில் விரிவுரை செய்யப் போயிருந்ததால் தப்பினார். அதன் பிறகு தம் தோழர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். மட்டக்களப்பில் எஞ்சி நின்றவர் ஹரி மில்லர்.

இங்கே உறவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் ஓர் ஆளை அறிமுகப்படுத்தினால் பெரியவர்கள் முதலில் எந்த ஊர் என்பார்கள், பிறகு சுற்றிவளைத்தாவது எந்தக் குடி என்று கேட்டுவிடுவார்கள். நம் குடி தாய்வழியில் வருவது. கோயில் திருவிழாவில் நமக்குள்ள பங்கிலிருந்து கலியாணப் பேச்சு வரை அது வரும். இந்த அமெரிக்கர்களுக்குக் குடி இல்லை. தாயின் வீடு கடல்களுக்கு அப்பால். ஊரோடு பந்தம் சொல்ல அவர்களுக்கு மருமகன் இல்லை, மைத்துனன் இல்லை. ஆனால் 1948இல் ஒன்றாக வந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, ஒரே முகாம் வாசல்களில் நின்ற இருவருக்கு இடையில் இருந்தது வெறும் சக ஊழியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் தம்பி என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணனை இழந்த தம்பி என்ன செய்தார்? ஹேபியருக்கு மட்டும் ஒரு நினைவகம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவர், வரலாற்றில் ஈடுபாடுள்ளவர். பதிவுகளின் அருமை தெரிந்தவர். வந்து சொன்ன ஒவ்வொரு தாயின் கதையையும் எழுதிக்கொண்டார். யார், எங்கே, எப்போது, யார் கண்டது. பத்திரிகையாளர் வந்தால், மனித உரிமையாளர் வந்தால், தூதர்கள் வந்தால் அந்தப் பதிவுகளிலிருந்து பேசினார். இராணுவம் செய்ததையும் புலிகள் செய்ததையும் ஒரே குரலில் சொன்னதால் இரு பக்கத்தாருக்கும் அவர் வேண்டாதவரானார். தம் தோழர் எப்படி இறந்தார் என்று தெரியாமலே முதுமை வரை வாழ்ந்த ஒருவர், மற்றவர்களின் தோழர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டே இருந்தார். நான் முன்பு சொன்ன கூடைப்பந்து விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்த 2009இல், எண்பதைத் தாண்டிய வயதில், மில்லர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார். ஓய்வு எடுக்க வேண்டிய வயது. மருத்துவம், பராமரிப்பு எல்லாம் அங்கே உண்டு. இருந்து பார்த்தார். சில மாதங்களில் மட்டக்களப்புக்கே வந்துவிட்டார். இதைச் சிலர் தியாகம் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வருவது எப்படித் தியாகமாகும்?

காணாமற்போனவரை நினைவுகூர்வதில் ஒரு சிக்கல் உண்டு. நம் வழக்கத்தில் இறந்தவருக்கு எட்டு உண்டு, முப்பத்தொன்று உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. கத்தோலிக்கருக்கும் முப்பதாம் நாள், ஆண்டுப் பலி என்று உண்டு. எல்லாமே இறந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை. அந்த நாள் இல்லாதபோது எதிலிருந்து எண்ணுவது? ஹேபியருக்குக் கடைசியாகக் கண்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இந்தப் பிரதேசத்தின் ஆயிரக்கணக்கான தாய்மாருக்கும் அதே கணக்குத்தான். பலர் அதையும் செய்வதில்லை. திவசம் கொடுத்தால் மகன் இறந்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். சட்டமும் இந்தச் சங்கடத்தை மெதுவாகத்தான் கண்டுகொண்டது. 2010இல் வந்த தற்காலிகச் சட்டம் மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. தன் பிள்ளை இறந்தான் என்று கையெழுத்திட மறுத்த தாய்க்கு 2016இல்தான், இன்னார் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் வேறொரு சான்றிதழ் வந்தது. அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. தாய்மார் இன்னும் தெருவில்தான் நிற்கிறார்கள். அவர்களுள் பலர் விடை அறியாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இங்கிருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்குடா, வாழைச்சேனைப் பகுதிகளில் 1990ஐ நேரில் கண்டவர்கள் இப்போது அறுபது, எழுபது வயதுக்காரர்கள். உங்கள் உயர்தர மாணவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, தங்கள் தெருவில் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள். மில்லர் எழுதியதுபோல: யார், எங்கே, எப்போது, யார் கண்டது. பெயரடைகள் வேண்டாம். ஓட்டமாவடியிலும் கேட்கட்டும், பேத்தாழையிலும் கேட்கட்டும். பாட்டன் சொன்னது எதிர்வீட்டுப் பாட்டன் சொன்னதோடு ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதட்டும்.

இன்னொரு விடயம் அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு. காத்தான்குடியில் ஓகஸ்ட் 3ஐயும் ஏறாவூரில் ஓகஸ்ட் 12ஐயும் சுஹதாக்கள் தினமாக, அதாவது தியாகிகள் தினமாக, நினைவுகூர்கிறார்கள். அந்தக் கூட்டங்களுக்கு நம்மவர் போவது குறைவு, நம் கூட்டங்களுக்கு அவர்கள் வருவதும் குறைவு. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஏறாவூரிலிருந்து ஒருவரை அழைத்து, அந்த ஊர் இழந்த ஒரு ஆசிரியரைப் பற்றியோ, ஒரு கடைக்காரரைப் பற்றியோ, ஒரு தாயைப் பற்றியோ பேசச் சொல்லலாமா என்று கேட்டேன். சம்மதித்திருக்கிறார்கள். தேதியை ஏறாவூராரோடு பேசித்தான் வைக்க வேண்டும்.